விளம்பரத்தில் யார் முகம்: நட்சத்திரமா, முதலாளியா, பொம்மையா, பாட்டா?

இரண்டு கிளை வைத்திருந்து மூன்றாவது திறக்கப்போகும் ஜவுளிக்கடைக்காரர். நாலு மாவட்டத்தில் மசாலா விற்றுவிட்டு இனி தமிழ்நாடு முழுக்கப் போக நினைப்பவர். நகைக்கடை, செக்கு எண்ணெய், குக்கர் என்று எதையாவது தன் பெயரில் விற்பவர். முதன்முதலாகப் பெரிய அளவில் விளம்பரம் எடுக்கும்போது இவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: யாரை வைத்து எடுப்பது? வீட்டில் ஒரு நடிகையின் பெயரைச் சொல்வார்கள். மகன் ஒரு யூடியூபரைச் சொல்வான். டீலர்கள் "நீங்களே வாங்க அண்ணாச்சி" என்பார்கள். ஏஜென்சிக்காரர்கள் ஒரு பொம்மையை வரைந்துகொண்டு வருவார்கள்.

நால்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் இழுக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து வருஷம் மாற்றாமல் வைத்துக்கொள்ள முடிகிற முகம் எதுவோ, அதுவே உங்களுக்கு நல்ல முகம். கைதட்டல் வாங்கித் தருகிற முகம் வேறாக இருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பெயர் ஒட்டுகிறதா என்பது. உங்கள் விளம்பரத்தை இன்று பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இன்று அந்தப் பொருள் தேவையில்லை. கிரைண்டர் விளம்பரம் பார்ப்பவர் அடுத்த கிரைண்டர் வாங்க நாலு வருஷம் ஆகலாம். நகை விளம்பரம் பார்க்கும் அம்மாவுக்கு மகள் கல்யாணம் இன்னும் தூரத்தில் இருக்கலாம். அந்த நாள் வரும்போது மனதில் உங்கள் பெயர் முதலில் வரவேண்டும், விளம்பரத்தின் வேலை அதுதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஏரன்பெர்க்-பாஸ் ஆய்வு நிலையம் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதைத்தான்: நிறம், பாட்டு, உருவம், முகம் என்று எதைப் பார்த்தாலும் கேட்டாலும் அது யாருடையது என்று உடனே தெரிய வேண்டும். விளம்பரம் பார்த்தவரிடம் மறுநாள் இரண்டு கேள்வி கேளுங்கள். அதில் யார் வந்தார்? அது யாருடைய விளம்பரம்? முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால், காசு கொடுத்து வேறொருவருக்கு விளம்பரம் செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, எத்தனை வருஷம் நீடிக்கும். மூன்றாவது, முகத்துக்குக் கொடுத்ததுபோக அதைக் காட்டுவதற்கு எவ்வளவு மிச்சம். நாலாவது, உங்கள் பொருளை வாங்குபவருக்கு என்ன பயம். தங்கத்தில் ஏமாற்றப்படுவோமோ என்று பயப்படுபவருக்கும், பிஸ்கட் பாக்கெட்டை யோசிக்காமல் எடுப்பவருக்கும் ஒரே முகம் பேச முடியாது. கடைசியாக, அந்த முகத்துக்கு ஒரு கெட்ட பெயரோ இழப்போ வந்தால் உங்களுக்கு என்ன ஆகும்.

## சினிமா நட்சத்திரம்

இந்தியாவில் இது பழைய வழி. 1941-இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்தார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக முன்னணி நடிகைகள் வந்துகொண்டே இருந்தார்கள். நடிகைகள் மாறினார்கள், "இது நட்சத்திரங்களின் சோப்பு" என்ற எண்ணம் மாறவில்லை. எண்ணம் லக்ஸுக்குச் சொந்தம். வந்துபோனவர்கள் எல்லோரும் அந்த எண்ணத்துக்கு விருந்தாளிகள். ஒரே ஒரு படம் எடுக்கப் பணம் வைத்திருக்கும் கம்பெனி இதைப் பார்த்து "லக்ஸே நடிகையை வைத்துத்தானே எடுக்கிறது" என்று வாதாடுவது பொருந்தாது.

நட்சத்திரம் தருகிற பெரிய நன்மை ஒன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பார்க்கிற மக்களைவிட மளிகைக் கடைக்காரர்மீது அதன் வேலை அதிகம். புதிய ஊரில் உங்கள் சேல்ஸ்மேன் மிளகாய்த்தூள் பாக்கெட்டோடு போய் நிற்கும்போது, "இந்த நடிகர் வர்ற விளம்பரம்தானே" என்று கடைக்காரர் கேட்டால் ஷெல்ஃபில் இடம் கிடைத்துவிடும். இவ்வளவு செலவு செய்யும் கம்பெனி அடுத்த மாதம் காணாமல் போய்விடாது என்று அவர் நினைக்கிறார். எல்லை தாண்டி விரியும்போது இந்த நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு.

கல்யாண் ஜுவல்லர்ஸ் இதைத் திறமையாகச் செய்தது. 1993-இல் திருச்சூரில் தொடங்கிய கடை. தமிழுக்கு பிரபு, தெலுங்குக்கு நாகார்ஜுனா, கன்னடத்துக்கு சிவராஜ்குமார் என்று ஒவ்வொரு மொழிக்கும் அந்த ஊர்க்காரரை முன்னால் நிறுத்தியது. கேரளத்துக் கடை என்ற அந்நியம் கரைந்துபோனது. அதைவிட முக்கியம், பிரபுவை ஆண்டுக்கணக்கில் மாற்றவில்லை. "நம்பிக்கை, அதானே எல்லாம்" என்று யாராவது சொன்னால் எந்தக் கடை என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரே நட்சத்திரம், ஒரே வாசகம், பல வருஷம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் பாதியாகிவிடும்.

பெரும்பாலானோர் செய்வது வேறு. இந்த வருஷம் ஒரு நடிகை, அடுத்த வருஷம் படம் ஓடிய இன்னொரு நடிகை. அந்த நடிகையோ அதே மாதத்தில் செல்போன், ஷாம்பூ, ரியல் எஸ்டேட் என்று வந்துகொண்டிருப்பார். ஐபிஎல் நடக்கும் ஒரு மாலையில் டோனி எத்தனை பொருள்களுக்காக வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். டோனியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். பேசுகிற தொகை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கும் ஓரிரு நாள் படப்பிடிப்புக்கும்தான். டிவி, ஹோர்டிங், இணையம், பாக்கெட் அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கேட்பார்கள். மேக்கப், உடை, உதவியாளர்கள், பயணம், தங்குமிடம், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் போட்டியாளருக்கு அவர் நடிக்கக் கூடாது என்றால் அதற்கும் ஒரு விலை. ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், பெங்களூரில் கிளை திறக்கும் நாளில் மறுபடியும் பேச வேண்டும். மசாலா, எண்ணெய்க்காரர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது பாக்கெட்டில். நடிகையின் படத்தோடு பிரிண்டிங் சிலிண்டர் செய்து, குறைந்தபட்ச ஆர்டர் என்று பாக்கெட் செய்யும் பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலை மொத்தமாக அடித்து வைத்துவிடுவார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு குடோனில் கிடக்கும் ரோலைப் பயன்படுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரும். பயன்படுத்தாவிட்டால் அவ்வளவும் குப்பை.

சட்டமும் மாறியிருக்கிறது. 2015-இல் மேகி நூடுல்ஸ் சிக்கலில் மாட்டியபோது, அதன் விளம்பரங்களில் நடித்த நட்சத்திரங்கள் பெயரும் வழக்குகளில் இழுக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. நடித்தவரை ஒரு வருஷம் வரை, மறுமுறை மூன்று வருஷம் வரை விளம்பரங்களில் வரவிடாமல் தடுக்கவும் முடியும். சொல்வதைச் சரிபார்த்தபின் நடித்தார் என்று காட்டினால் அவருக்குப் பொறுப்பு இல்லை. எனவே நட்சத்திரத்தின் மேனேஜர் ஆய்வக அறிக்கை கேட்டால் கோபப்படாதீர்கள். "சர்க்கரையைக் குறைக்கும்", "மூட்டுவலி போகும்" என்று எழுதி வைத்திருந்தால் அதை இப்போதே அடித்துவிடுங்கள்.

நெருக்கடியில் நட்சத்திரம் காப்பாற்றுவாரா? 2003-இல் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் பெரிய சர்ச்சை வந்தது. 2004-இல் அமிதாப் பச்சன் வந்து பேசினார், நம்பிக்கை திரும்பியது என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் பேசுவதற்கு முன்பு கம்பெனி உறையையே மாற்றியிருந்தது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்ததால்தான் அவர் சொன்னது எடுபட்டது.

புதிய மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் போகிறீர்கள், டீலர் பிடிக்க வேண்டும், குறைந்தது மூன்று வருஷத்துக்கு அதே ஆளை வைத்துக்கொள்ள முடியும் என்றால் நட்சத்திரம் சரி. என் கணக்கில், அவருக்குக் கொடுக்கும் பணத்தைப்போல மூன்று மடங்காவது ஒளிபரப்புக்கு மிச்சம் இருக்க வேண்டும். நட்சத்திரத்துக்கே முக்கால் பணம் போய்விட்டால், அந்த அழகான படத்தை உங்கள் உறவினர்கள்தான் பார்ப்பார்கள்.

## முதலாளியே முன்னால் வருவது

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. 1978-இல் வசந்த் அண்ட் கோ-வைத் தொடங்கிய எச். வசந்தகுமாரின் சிரித்த முகத்தைத் தெரியாதவர் குறைவு. லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார், லெஜண்ட் சரவணன் என்று வரிசை நீளும். வடக்கே எம்டிஹெச் மசாலாவின் தரம்பால் குலாட்டி, தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாகத் தொண்ணூறு வயது கடந்தும் தன் விளம்பரத்தில் தானே வந்தார்.

இது ஏன் வேலை செய்கிறது? கிரண்குமாரைப் பாருங்கள். நகை வாங்குபவரின் பயம் செய்கூலி, சேதாரம். பில்லில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று புரியாமலே பணம் கட்டிவிட்டு வருகிறோம். அவர் கேமராவைப் பார்த்து, எங்கள் நகையையும் விலையையும் போட்டோ எடுத்துப்போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். பயத்தின் மேலேயே கைவைத்து, சோதித்துப் பார்க்க ஒரு வழியும் கொடுக்கிறார். இதே வாக்கியத்தை ஒரு நடிகர் சொன்னால் அது வசனம். கடைக்குச் சொந்தக்காரர் சொன்னால் அது வாக்குறுதி. நடிப்பு சுமாராக இருப்பதுகூட இங்கே உதவுகிறது, எழுதிக்கொடுத்ததைப் பேசுகிறார் என்று தோன்றுவதில்லை.

லெஜண்ட் சரவணன் நடிகைகளோடு ஆடியபோது சமூக ஊடகங்களில் கேலி நிறைய வந்தது. நான் அதைத் தொழிலாகப் பார்க்கிறேன். ஒரே குடும்பத்திலிருந்து கிளைத்து, சரவணா என்ற பெயரோடு சென்னையில் பல கடைகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து தி. நகருக்கு வருபவருக்கு எது எது என்று குழப்பம். அந்தக் கூட்டத்தில் "இது என் கடை" என்று பிரித்துக்காட்ட ஒரு முகத்தைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கேலி செய்தவர்களும் எந்தக் கடை என்று சரியாகச் சொன்னார்கள். முதல் அளவுகோலில் அது முழு மதிப்பெண்.

சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் முடிவதில்லை, போட்டியாளருக்குப் போய் நடிக்க மாட்டார். ஆனால் இலவசம் என்று நினைக்கக் கூடாது. கூட்டுக் குடும்ப வியாபாரத்தில் அண்ணன் படம் மட்டும் ஹோர்டிங்கில் வந்தால் தம்பி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். பாகப்பிரிவினை வந்தால் முகம் ஒருவரோடு போய்விடும், கடைப் பெயர் இன்னொருவரிடம் நின்றுவிடும். ஒவ்வொரு புகாரும் நேரே முதலாளி மேல் வரும், "உங்க மூஞ்சியப் பாத்துதானே வந்தேன்" என்று வாடிக்கையாளர் சொல்வார். அப்படிச் சொல்லும்போது மாற்றிக்கொடுக்கும் மனம் இல்லாதவர் இந்த வழிக்கே வரக் கூடாது. நாளை ஒரு பெரிய நிறுவனம் கம்பெனியை வாங்க வந்தால், நீங்கள் இல்லாமல் இந்தப் பெயர் விற்குமா என்ற கேள்வியும் விலைபேச்சில் வரும்.

மரணமும் உண்டு. வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் குலாட்டியும் போனார். குலாட்டியின் முகம் அதற்குள் மசாலா டப்பாவின் அடையாளமாகவே மாறியிருந்தது. முதலாளி முகத்தைப் பயன்படுத்துபவர்கள் இதைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்: ஒரே வகை உடை, ஒரே கோணம், ஒரே வாசகம். அப்போது ஆள் போனாலும் உருவம் நிற்கும்.

நகை, பட்டு, வீட்டுமனை, மருத்துவமனை, கல்லூரி என்று ஏமாந்தால் பெரிய இழப்பு வரும் எதற்கும் முதலாளி முகம்தான் என் முதல் தேர்வு. பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு இது தேவையில்லை. கேமரா முன் பேச வராதவர்கள் பயப்பட வேண்டாம், ஒரு நல்ல போட்டோவும் ஒரே ஒரு உறுதியான வாக்கியமும் போதும்.

## பொம்மை, கேலிச்சித்திர உருவம்

ஏர் இந்தியா மகாராஜா 1946-இல் பிறந்தார். ஏஷியன் பெயின்ட்ஸின் கட்டு என்ற குறும்புப் பையனை 1954-இல் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தார். அமுல் பெண் 1966-இல், சில்வெஸ்டர் டகுன்யாவின் விளம்பர ஏஜென்சியிலிருந்து வந்தாள். அவளுக்கு வயதாகவில்லை, கால்ஷீட் கேட்கவில்லை, வேறு வெண்ணெய்க்கு நடிக்கப் போகவில்லை.

ஆனால் அமுல் பெண் நிலைத்தது வரைந்த கையால் மட்டுமல்ல. அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் அந்த ஏஜென்சிக்கு ஒரு சுதந்திரம் கொடுத்திருந்தார்: விளம்பரத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டாம். அதனால்தான் கிரிக்கெட், தேர்தல், சினிமா என்று சூடான செய்தி ஆறுவதற்குள் ஹோர்டிங் ஏறியது. உங்கள் கம்பெனியில் ஒரு போஸ்டருக்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்றால் பொம்மை ஊமையாகத்தான் நிற்கும். வரைவது மலிவு. வாரம் தவறாமல் அதைப் பேசவைப்பதுதான் செலவு.

பெயர் மாறும்போது பொம்மையும் விலங்கும் பாலமாக நிற்கும். ஹட்ச் என்ற செல்போன் கம்பெனியின் விளம்பரத்தில் 2003-இல் வந்த பக் இன நாய், 2007-இல் கம்பெனி வோடஃபோனாக மாறியபோது புதிய பெயரையும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இங்கே ஒரு சட்டப் பள்ளம் இருக்கிறது. தெரிந்த ஓவியரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கிவிட்டால் உருவம் உங்களுடையது என்று நினைப்போம். எழுத்தில் உரிமை மாற்றம் இல்லாவிட்டால் அது சிக்கலாகலாம். எழுதியிருந்தும் கால அளவு குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து வருஷத்துக்கு என்றுதான் கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஊறுகாய் அனுப்புகிறவர்கள் கவனிக்க. உருவத்தை வர்த்தகச் சின்னமாகவும் பதிவு செய்துவிடுங்கள், பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பால், பிஸ்கட், ஊறுகாய், மசாலா, பெயின்ட் என்று அடிக்கடி வாங்கும் பொருள், கையில் பணம் குறைவு, பொறுமை உண்டு என்றால் பொம்மை நல்ல வழி. முதல் வருஷத்தில் பலன் தெரியாது. பாதி முதலாளிகள் அப்போதுதான் கைவிடுகிறார்கள்.

## பாட்டும் ஒலியும்

முகமே இல்லாமலும் முடியும். ஓசூரில் கைக்கடிகாரம் செய்யும் டைட்டன், மொசார்ட்டின் 25-ஆவது சிம்பனியிலிருந்து எடுத்த ஒரு மெட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஏர்டெல்லுக்கு 2002-இல் ஏ.ஆர். ரஹ்மான் போட்ட இசையைக் கேட்டால் இன்றும் பெயர் வந்துவிடும். பிரிட்டானியாவுக்கு நாலே ஸ்வரம்.

டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்கிறவர் அடுப்படியில் இருப்பார். எஃப்எம், பஸ் நிலைய ஒலிபெருக்கி, திருவிழா நேரத்து ஆட்டோ விளம்பரம் எல்லாமே காதுக்குத்தான். ஊர்ப்புறக் கடைகளுக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு தூரம் போகும் வழி வேறில்லை. சினிமாப் பாட்டின் மெட்டில் கடைப் பெயரைப் போட்டுப் பாடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். உரிமை வைத்திருக்கும் கம்பெனி கேட்டால் கட்ட வேண்டும், யூடியூப் தூக்கிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், கேட்பவர் மனதில் அந்தப் படம்தான் வரும். சொந்தமாக மெட்டுப் போட்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் மூவரிடமும் எழுதி வாங்குங்கள். 2017-ஆம் ஆண்டின் விதிகள்படி, 30 விநாடிக்குள் அடங்கும் ஒலியை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

## யூடியூபர், இன்ஸ்டாகிராம் பிரபலம்

கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி, புதிய கிளையின் முதல் வாரக் கூட்டம், இவற்றுக்குச் சரி. மறுநாள் அவர் பக்கத்துத் தெருக் கடைக்கு வீடியோ போடுவார், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிப் பேசுகிறார் என்பதை மறைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | பெயர் ஒட்டுவது | நீடிப்பது | மறைந்த செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| நட்சத்திரம் | அவருடைய மற்ற விளம்பரங்களைப் பொறுத்தது | ஒப்பந்தம் வரை | வரி, தனித்தனி அனுமதி, பாக்கெட் ரோல் | புதிய பகுதி, டீலர் பிடிப்பது |
| முதலாளி | மிக நன்று | ஆள் இருக்கும்வரை | நேரம், குடும்பப் பூசல், நேரடிப் புகார் | நகை, மனை, மருத்துவம், கல்வி |
| பொம்மை | மெதுவாக, ஆனால் உறுதியாக | தலைமுறைகள் | தொடர்ந்து எழுத ஆள், உரிமைப் பத்திரம் | அன்றாடப் பொருள் |
| பாட்டு, ஒலி | மிக நன்று | மாற்றாதவரை | மூவரின் உரிமை | எல்லாவற்றுக்கும் துணை |
| யூடியூபர் | குறைவு | சில நாள் | தரத்தைக் கட்டுப்படுத்த முடியாது | திறப்பு விழா, தள்ளுபடி |

## கலந்து செய்வதென்றால்

மசாலாக்காரராக இருந்தால் நான் பாட்டையும் ஒரு நிறத்தையும் முதலில் முடிவு செய்வேன். பணம் வரும்போது நட்சத்திரத்தைக் கூப்பிடுவேன், அவரும் என் பாட்டைத்தான் பாட வேண்டும் என்பேன். ராம்ராஜ் வேட்டி விளம்பரத்தில் மனதில் நிற்பது அந்த சல்யூட். யார் வேட்டி கட்டி வந்தாலும் சல்யூட் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. நட்சத்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே இப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், ஒப்பந்தம் முடிந்து அவர் போனாலும் நஷ்டம் பாதிதான்.

பணத்தைப் பிரிப்பதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. பிரிட்டனில் பரிசுக்கு அனுப்பப்பட்ட ஏராளமான விளம்பரங்களின் விவரங்களை ஆராய்ந்த லெஸ் பினெட், பீட்டர் ஃபீல்ட் இருவரும், சராசரியாக 60 சதவீதம் பெயரை வளர்ப்பதற்கும் 40 சதவீதம் உடனடி விற்பனைக்கும் போவது நல்லது என்று கண்டார்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் எல்லாப் பணமும் தீபாவளித் தள்ளுபடியிலேயே கரைந்துவிடுகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பண்டிகை இல்லாத மாதங்களிலும் கொஞ்சமாவது காட்டிக்கொண்டே இருங்கள், தள்ளுபடி விளம்பரத்திலும் அதே முகத்தையும் அதே பாட்டையும் வையுங்கள்.

படம் எடுத்து முடித்ததும் ஒளிபரப்பாவதற்கு முன் ஒரு வேலை. கடைப் பெயர் வரும் இடங்களை மறைத்துவிட்டு, உங்களுக்குச் சம்பந்தமில்லாத இருபது பேருக்குப் போட்டுக் காட்டி, யார் விளம்பரம் என்று கேளுங்கள். புதிய கடையாக இருந்தால் பெயரோடு காட்டிவிட்டு, மறுநாள் போனில் கேளுங்கள். சும்மா "நல்லா இருக்கு" என்பார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்தாறு பேர் போட்டிக் கடையின் பெயரைச் சொன்னால், எடுத்த செலவு போனாலும் பரவாயில்லை, அந்தப் படத்தை ஒளிபரப்பாதீர்கள்.